பின்னாடி அகல டயர் போடலாமாண்ணே?

காரைக்குடி டயர் கடை ஏதாவது ஒன்றில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்திருந்தால் போதும், இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். காலேஜ் பையன் ஒருவன் பல்சரை சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு வருவான். “அண்ணே, பின்டயர் தேஞ்சுபோச்சு. இந்தத் தடவை கொஞ்சம் பெருசாப் போட்ருவோமாண்ணே? பார்க்க நல்லா இருக்கும்ல.” விவரம் தெரிந்த கடைக்காரர் என்றால் டயர் அடுக்கின் பக்கம் போக மாட்டார். குனிந்து ரிம்மைப் பார்ப்பார். “போடலாம் தம்பி. உன் ரிம்மு அதைத் தாங்கணும்ல?”

டயர் எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பதை முதலில் ரிம் சொல்லும். அடுத்து, பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கவை போன்ற ஸ்விங் ஆர்முக்கு நடுவே இருக்கிற இடம் சொல்லும். இந்த இரண்டும் சரி என்று சொன்ன பிறகுதான் அழகு, பிடிமானம், மைலேஜ் பற்றிப் பேச வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. டயரை வாங்கி மாட்டிவிட்டு, செயின் உரசுகிறதே என்று மறுவாரம் வந்து நிற்கிறார்கள்.

இந்த ஆசைக்கு ஒரு வரலாறும் உண்டு. யமஹா எஃப்இசட் 2008இல் 140 மி.மீ. பின்டயரோடு வந்தபோது, 150 சிசி வண்டிகளில் 100 மி.மீ. டயரே பெரிதாகத் தெரிந்த காலம். அதே ஆண்டு வந்த ஆர்15 வண்டிக்குப் பின்னால் 100/80-17தான். “முன்னாடி பார்த்தா ரேஸ் வண்டி, பின்னாடி பார்த்தா சைக்கிள்” என்று கிண்டல் செய்தார்கள். 2011இல் அதை 130 ஆக்கினார்கள், 2018இல் 140 ஆக்கினார்கள். கவனிக்க வேண்டியது, கம்பெனி டயரை மட்டும் மாற்றவில்லை என்பதை. ரிம்மும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்தே மாறின. நாம் கடையில் டயரை மட்டும் மாற்றுகிறோம்.

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது

பழைய டயரின் பக்கவாட்டில் 100/90-17 55பி (P) என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 என்பது மில்லிமீட்டரில் அகலம். 90 என்பது மில்லிமீட்டர் இல்லை, சதவீதம். அதாவது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 90 சதவீதம், இங்கே 90 மி.மீ. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து கிடப்பதால்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புகிறார்கள். ரிம் எண்ணுக்கு முன்னால் சிறு கோடு (-) இருந்தால், உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து ஓடும் சாதாரண நைலான் டயர். 140/60ஆர்17 என்று ஆர் எழுத்து இருந்தால், நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் ரேடியல்.

கடைசியில் வரும் 55 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 218 கிலோ தாங்கும். 54 என்றால் 212, 61 என்றால் 257 கிலோ. பி என்பது வேகக் குறியீடு, மணிக்கு 150 கி.மீ. வரை. பின்னால் ஆச்சியை ஏற்றி, நடுவில் தேன்குழல் டின்னையும் வைத்துக்கொண்டு தேவகோட்டைக்குப் போகிற வண்டிக்கு வேகத்தைவிட சுமைக் குறியீடுதான் முக்கியம். புது டயரில் இந்த எண் பழையதைவிடக் குறையவே கூடாது.

பழைய வண்டிகளில் 2.75-18, 3.00-18 என்று அங்குலக் கணக்கு இருக்கும். பழைய ஸ்ப்ளெண்டரின் 2.75-18தான் இப்போது 80/100-18 என்று வருகிறது.

ரிம் என்ன சொல்கிறது

ரிம்மின் அகலம் ரிம்மிலேயே பொறித்திருக்கும். நம் ஊர் வண்டிகளில் அது கண்ணில் படாததற்குக் காரணம் செம்மண். வால்வுக்கு அருகிலோ, அலாய் வீல் என்றால் ஸ்போக்கின் உள்பக்கத்திலோ ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துப் பாருங்கள். 17 x 2.15, 18 x 1.60 என்பது போல ஓர் எண் வெளியே வரும். இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டியது. அது ரிம்மின் உள் அகலம், அங்குலத்தில். டயரின் ஓரம் உட்காரும் இரண்டு மடிப்புகளுக்கும் இடையே உள்ள தூரம் அது. வெளி விளிம்பில் டேப் வைத்து அளந்தால் கூடுதலாகக் காட்டும், ஏமாந்துவிடுவீர்கள்.

இனி பொருத்தம் பார்ப்போம். 80/100 டயருக்கு 1.85 அங்குல ரிம் அளவான ஜோடி. 90/90க்கு 2.15. 100/90க்கும் 110/80க்கும் 2.50 உகந்தது, 2.15இலும் உட்காரும். 120/80க்கு 2.75. 130/70க்கு 3.50. 140/70 டயர் 4.00 அங்குல ரிம்மை எதிர்பார்க்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்பின் இருக்கும், வாங்கும் டயரின் அட்டவணையைக் கடையில் கேட்டுப் பார்த்துவிடலாம். 2.15 ரிம்மில் 140 டயரை ஏற்றச் சொல்லும் தம்பிகளுக்கு இந்த ஒரு பத்தி போதும்.

“ஏன், லிவரைப் போட்டு நெம்புனா ஏறிரும்ல?” ஏறும். அதுதான் சிக்கலே. பெரிய சாக்கின் வாயைச் சுருக்கிக் கட்டினால் வயிறு உருண்டு நிற்கும் இல்லையா, அகல டயரின் ஓரங்களைக் குறுகிய ரிம் அப்படித்தான் இறுக்குகிறது. நடுப்பகுதி கூம்பி மேலே எழும்பிவிடும். தட்டையாக, பரவலாகத் தரையில் படும் என்று நினைத்து வாங்கிய டயர், நடுவில் ஒரு பட்டையில் மட்டும் ஓடும். அந்தப் பட்டை சீக்கிரம் தேயும். இரண்டு ஓரங்களிலும் புது டயரின் ரப்பர் மீசை மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலமும் ஏறத்தாழ 5 மி.மீ. குறையும். 2.75 கேட்கும் 120 டயரை 2.15 ரிம்மில் போட்டால், மாட்டியபின் அளந்து பார்த்தால் 114 மி.மீ. அளவில்தான் இருக்கும். 120க்குக் காசு கொடுத்து 114 வாங்கிய கணக்கு.

கூம்பியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சாக்பீஸ் போதும். காற்றைச் சரியான அளவில் வைத்து, டயரின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம்வரை பட்டையாகக் கோடு இழுங்கள். நேராகச் சில மீட்டர் வண்டியில் உட்கார்ந்து ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு நடுவில் அகலமாக அழிந்திருந்தால் நல்லது. இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் அழிந்து மற்றது வெள்ளையாகவே இருந்தால், அந்த ரிம்முக்கு அந்த டயர் அதிகம், இல்லையென்றால் காற்று அதிகம். சிமெண்டுத் தரையில் செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் செய்தால் வீட்டில் என்ன பேச்சு வாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இடம் இருக்கிறதா

ரிம் சரியென்றாலும் டயர் சுற்ற இடம் வேண்டும். இடதுபக்கம் செயின், செயின் கவர். இரண்டு பக்கமும் ஸ்விங் ஆர்ம். முன்னால் ஸ்விங் ஆர்மின் குறுக்குக் குழாய், மேலே மட்கார்டு. 100இலிருந்து 120க்குப் போனால் பக்கத்துக்கு 10 மி.மீ. கூடும் என்று எல்லோரும் கணக்குப் போடுவார்கள். முன்பக்கக் குறுக்குக் குழாயை மறந்துவிடுவார்கள். டயரின் உயரம் கூடினால் முதலில் இடிப்பது அதுதான். பின்வீல் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதும் இதில் சேரும். செயின் புதிதாக இருக்கும்போது வீல் முன்னால் இருக்கும், செயின் நீள நீள, அட்ஜஸ்டரைத் திருகத் திருக, வீல் பின்னால் போகும். பழைய செயினோடு தாராளமாகச் சுற்றிய டயர், செயின் செட் மாற்றிய அன்று குழாயில் உரசுவதற்குக் காரணம் இதுதான்.

எந்தப் பக்கமும் குறைந்தது 8–10 மி.மீ. இடைவெளி வேண்டும். நின்றிருக்கும் வண்டியில் 3 மி.மீ. இடைவெளி தெரிந்தால் போதாதா என்றால், போதாது. வேகத்தில் டயர் வெளிநோக்கிச் சற்றே விரியும், நைலான் டயர் ரேடியலைவிட அதிகம் விரியும். செயினும் ஆடும். போதாக்குறைக்கு ஈரச் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு மேலே வரும்.

உரசுகிறதா என்று கண்டுபிடிக்கச் சத்தத்தை நம்ப வேண்டாம். செயின் பக்கத்து டயர்ச் சுவரைப் பாருங்கள். சுற்றிலும் ஒரு மெல்லிய பளபளப்பான கோடு விழுந்திருக்கும், செயின் கவரின் உள்பக்கம் எண்ணெயில் கலந்த கறுப்புப் பொடி ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் ரப்பர் என்று தெரியும். அந்தக் கோடு ஆழமாவதற்குள் டயரைக் கழற்றிவிட வேண்டும். அதற்காக ஸ்விங் ஆர்மின் உள்பக்கத்தைக் கிரைண்டரால் அறுத்து இடம் பண்ணுகிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

உயரமும் மாறும்

அகலம் மாறும்போது உயரமும் மாறுகிறது, ஏனென்றால் பக்கச் சுவர் அகலத்தின் சதவீதம். 17 அங்குல ரிம் என்பது 431.8 மி.மீ. 100/90-17 டயரின் மொத்த விட்டம் 611.8 மி.மீ. 120/80-17 போட்டால் 623.8, சுமார் 2 சதவீதம் கூடுதல். 110/80-17 என்றால் 607.8, கிட்டத்தட்ட பழைய உயரமே. 110/90-17 என்றால் 629.8, ஏறத்தாழ 3 சதவீதம் கூடிவிடுகிறது. 110 என்ற ஒரே அகலத்தில் இரண்டு டயர், இரண்டுக்கும் 22 மி.மீ. விட்ட வித்தியாசம். கடையில் “110 குடுங்கண்ணே” என்று மட்டும் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது.

விட்டம் கூடினால் கியர் சற்றுத் தளர்ந்ததுபோல் ஆகும், எடுப்புக் குறையும். பின்பக்கம் சில மில்லிமீட்டர் தூக்கும். ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து அளவெடுக்கும் வண்டியில் பின்டயரால் அதற்கு ஒன்றும் ஆகாது. கியர்பாக்ஸிலிருந்தோ பின்சக்கரத்திலிருந்தோ எடுக்கும் வண்டியில் மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 61க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் இன்னும் கவனம் தேவை, முன்னும் பின்னும் சக்கரம் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் அது வேலை செய்கிறது. விட்டத்தில் 2 சதவீதத்துக்குள் நின்றுகொள்வது நல்லது.

பிடிமானம் உண்மையில் கூடுமா

அகல டயர் என்றால் அதிக ரப்பர் தரையில் படும் என்பது பொதுவான நம்பிக்கை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின்சக்கரத்தின் மேல் 126 கிலோ இறங்குகிறது, காற்று 28 பிஎஸ்ஐ. அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1.97 கிலோ. 126ஐ 1.97ஆல் வகுத்தால் 64 சதுர செ.மீ. வருகிறது. 8 செ.மீ.க்கு 8 செ.மீ., ஒரு உள்ளங்கை அளவு. டயரின் சொந்த விறைப்பு கொஞ்சம் தாங்குவதால் உண்மை அளவு சற்று மாறும், ஆனால் இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்கேயும் வரவே இல்லை. எடையும் காற்றழுத்தமும் அதேதான் என்றால் தரையில் படும் பரப்பும் கிட்டத்தட்ட அதேதான். அகல டயரில் அந்தப் பரப்பு குறுக்கே நீண்டு, நெடுக்கே குறையும்.

அதனால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. சுமை ஏற்றும்போது டயர் குறைவாகச் சூடாகும், ரப்பர் பரந்து தேயும், வலுவான இன்ஜினின் இழுப்பை நன்றாகத் தாங்கும். இதெல்லாம் ரிம் பொருந்தினால்தான். 100, 125 சிசி வண்டிக்கு இதில் கிடைப்பது சொற்பம், கொடுப்பது அதிகம்: எடை கூடும், மைலேஜ் குறையும். வளைவில் டயர் தரையைத் தொடும் இடம் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவதால், அதே வளைவுக்கு அதே வேகத்தில் வண்டியைக் கூடுதலாகச் சாய்க்க வேண்டியிருக்கும். பிரேக் பிடித்தால் சட்டென நிற்கும் என்ற எண்ணமும் தப்பு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் பாய்கிறது, வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கு. பிடிமானம்தான் வேண்டும் என்றால் அதே அளவில் நல்ல ரப்பர் கலவையுள்ள டயராக, முன்னும் பின்னும் சேர்த்து மாற்றுங்கள். என்னைக் கேட்டால் அந்தப் பணம்தான் உருப்படியான செலவு.

நம்ம ரோட்டுக்கு

திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் மட்டுமே ஓட்டுபவருக்கு மேலே சொன்னதோடு முடிந்தது. ஆனால் பள்ளத்தூரிலிருந்து கோட்டையூருக்குக் குறுக்கே வருபவர்களுக்கும், கல்லல் பக்கம் கிராமத்துச் சாலைகளில் தினம் போகிறவர்களுக்கும் விஷயம் வேறு. தார் ஓரத்தில் செம்மண் சரளை உருண்டு கிடக்கும். குறுகிய டயர் அதைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைப் பிடிக்கும், அகல டயர் சரளையின் மேலேயே ஏறி ஓட்டப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படியே. ஊருணி நிரம்பிச் சாலையில் தண்ணீர் நிற்கும்போது அகல டயர் தண்ணீரை ஒதுக்கித்தள்ளக் கூடுதல் வேலை செய்ய வேண்டும், வேகம் இருந்தால் தண்ணீரின் மேல் மிதக்கும். பட்டன் தேய்ந்த டயராக இருந்தால் இன்னும் மோசம். இரு சக்கர வண்டிக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 0.8 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும், மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்காமல் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். மணலில் மட்டும் அகல டயருக்கு லாபம் உண்டு, புதையாமல் போகும்.

அடுத்தது சீமைக்கருவேல முள். சிவகங்கைச் சீமையில் இதைச் சொல்லாமல் டயரைப் பற்றி எழுத முடியாது. டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் காற்று மெதுவாகத்தான் இறங்கும், அடுத்த ஊர்வரை சமாளிக்கலாம். டியூப் வண்டியில் ஏறினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். ஆகவே புது டயர் டியூப்லெஸ் ஆக இருக்கட்டும் என்று நினைப்பது நியாயமே. ஆனால் சாதாரண ஸ்போக் ரிம்மில் ஸ்போக் ஓட்டைகள் வழியே காற்று போகும், அதில் டியூப்லெஸ் டயரைப் போட்டாலும் உள்ளே டியூப் வேண்டும், முள் ஏறினால் பழைய கதைதான். டியூப்லெஸ்க்கு என்றே செய்த அலாய் ரிம்மில்தான் முழுப் பலன்.

எவ்வளவு போகலாம்

ஒரு படி. 80/100-18 இருந்தால் 90/90-18 பக்கம் பார்க்கலாம், விட்டம் 617இலிருந்து 619 மி.மீ.தான் ஆகிறது, ஆனால் ரிம் 1.85ஆவது இருக்க வேண்டும். ரிம் 1.60 என்றால் அங்குல அளவில் 3.00-18 வரைதான், அதுவே எல்லை. 100/90-17 இருந்தால் 110/80-17 நல்ல மாற்று. 120/80-17 வேண்டுமென்றால் ரிம்மை அளந்த பிறகு பேசலாம். பல்சர் 150இலேயே ஒற்றை டிஸ்க் வண்டிக்கு 100/90-17, இரட்டை டிஸ்க் வண்டிக்கு 120/80-17 என்று கம்பெனியே கொடுத்தது. உங்கள் மாடலின் அடுத்த ரகத்தில் என்ன டயர் வந்தது என்று பார்ப்பது நல்ல தொடக்கம். பார்க்கும்போது அந்த ரகத்தின் ரிம் அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

முன்டயர் நைலானாக இருக்கப் பின்னால் ரேடியல் போடலாம், எஃப்இசட் போன்ற வண்டிகள் கம்பெனியிலிருந்தே அப்படி வந்தவைதான். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. உரசாத ஒரு படி கூடுதல் டயருக்காக யாரும் வழிமறிப்பதில்லை. ஆனால் ரிம், ஸ்விங் ஆர்ம் எல்லாம் மாற்றி 150 மி.மீ. டயர் போட்ட வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கடையில் நிற்கும்போது

டயரின் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம் செய்தது. தள்ளுபடி என்று நீட்டும் டயரை வாங்கும்முன் இதைப் பாருங்கள், நம் ஊர் வெயிலில் கடை வாசலில் வருடக்கணக்கில் தொங்கிய டயரின் ரப்பர் இறுகிப்போயிருக்கும். இத்தனைக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர் ஆலை மதுரைக்குப் பக்கம் வெள்ளரிப்பட்டியில், மேலூர் வழியாகப் போகும்போது தாண்டிப்போகிற ஊரில்தான் இருக்கிறது. பழைய சரக்கை வாங்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைக் காட்ட வேண்டும். மாட்டி முடித்ததும் ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் காற்றை இறக்கி மறுபடி உட்காரவைக்கச் சொல்லுங்கள். குறுகிய ரிம்மில் அகல டயர் உட்கார மறுத்தால், உட்காரும்வரை காற்றை ஏற்றிக்கொண்டே போவது ஆபத்து. வால்வைப் புதிதாக்கி, பாலன்ஸிங்கும் பார்த்துவிடுங்கள். காற்று எவ்வளவு என்பதற்குச் செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள், அகல டயர் என்பதற்காகக் குறைக்க வேண்டாம்.

புது டயரின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. சாய்க்காமல், சட்டென முறுக்காமல் ஓட்டுங்கள். அதன் பிறகு செயினை இறுக்கும் ஒவ்வொரு தடவையும் டயருக்கும் செயினுக்கும் நடுவே விரலை விட்டு இடைவெளி பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு.